நான் அழித்த குழாய்

வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிற ஒருத்திக்குச் சில சொற்களைப் பார்த்தாலே குமட்டும் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குக் குமட்டுகிறது. ‘தூய’ என்பது அதில் முதல் சொல். ‘இயற்கையின் மடியில்’ என்று யாராவது எழுதி அனுப்பினால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். இவற்றையெல்லாம் நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தவள்தான். அதனால்தான் குமட்டுகிறது.

திருப்பத்தூரில் என் வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். எந்தக் கம்பெனியிலும் நான் இல்லை. கல்யாண மண்டபம், பல் டாக்டர், செருப்பு ஏற்றுமதி செய்கிறவர், நர்சரி பள்ளிக்கூடம் என்று யார் வந்தாலும் செய்து கொடுப்பேன். வேலை எப்படி நடக்கும் என்று பலர் கேட்பார்கள். முதல் நாள் நான் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டேன். வந்தவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன். உங்கள் சைட்டை யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்துவிட்டு அவர்கள் என்ன செய்யவேண்டும், போன் செய்யவேண்டுமா, நேரில் வரவேண்டுமா. இதற்குப் பதில் தெரியாமல் கலர் மட்டும் சொல்கிறவர்கள்தான் அதிகம். பதில் கிடைத்த பிறகு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் கட்டம் போடுவேன். ஒரு கட்டம் ஒரு பக்கம். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போகலாம் என்று கோடு. அந்தத் தாளில் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்த ஆள் வந்தது ஒரு பங்குனி மாதம். திருப்பத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைமடித்த வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. புதூர்நாட்டுப் பக்கம் மலையில் இடம் வாங்கி, ஓடைக்கரையில் எட்டு காட்டேஜ் கட்டி, தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதற்கு வெப்சைட் வேண்டும்.

“யாருக்காக சார் இந்த சைட்டு?” என்று கேட்டேன்.

“பெங்களூர்க்காரங்க. சென்னையில ஐ.டி.ல வேல செய்றவங்க. வெள்ளிக்கெழம கெளம்பி ஞாயித்துக்கெழம திரும்பற ஜனங்க.”

“அவங்க இன்னா தேடி வருவாங்கன்னு நெனைக்கிறீங்க?”

கொஞ்சம் யோசித்தார். “அங்க அவங்களுக்கு இன்னா இல்லியோ அத. நல்ல காத்து, நல்ல தண்ணி.”

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன கிளையண்ட் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை. அவர் போன பிறகு காலண்டர் தாளில் ஐந்து கட்டம் போட்டேன். முதல் பக்கம், அறைகள், சாப்பாடு, வரும் வழி, தொடர்பு. முதல் பக்கத்தில் அதிகம் எழுத்து வேண்டாம், போனில் திறந்தால் திரை முழுக்க ஓடை தெரியவேண்டும், அதன் மேல் ஒரே வரி. அந்த வரியை உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்: ‘மலையின் தூய நீர், உங்கள் வாசலில்.’ ஓடையை நான் இன்னும் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் அவருடைய ஜீப்பில் மேலே போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே புளி உலுக்கும் சமயம். வழியெல்லாம் பாயில் புளி காய்ந்துகொண்டிருந்தது. காட்டேஜ்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தேன். படுக்கை விரிப்பைச் சரிசெய்தேன், பிளாஸ்டிக் பக்கெட்டை ஒளித்துவைத்தேன், ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிட்டேன். இதெல்லாம் வழக்கமான வேலை. இதில் தப்பு இருப்பதாக நான் நினைத்ததில்லை.

முதல் பக்கத்துக்கான படத்தை எடுக்க ஓடைக்குள் இறங்கினேன். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று காமிராவைக் கண்ணில் வைத்தேன். தண்ணீர் வளைந்து வந்தது, பின்னால் காட்டேஜ் கூரை, அதற்குப் பின்னால் மலை. மூன்று படம் எடுத்த பிறகுதான் நாற்றம் தெரிந்தது.

நான் வாணியம்பாடியில் தோல் மண்டிக்குப் பின்தெருவில் பிறந்து வளர்ந்தவள். பச்சைத்தோல் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். நாற்றம் என்றால் சட்டென்று மூக்கைப் பொத்துகிற ஆள் நான் இல்லை. இது வேறு நாற்றம். காமிராவை இறக்கிப் பார்த்தேன். காட்டேஜ்களின் பின்சுவரிலிருந்து ஒரு தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் பாறை இடுக்கு வழியாக இறங்கி ஓடைக்கு மேலே வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பாறைமேல் ஒரு பச்சை வழிசல். பாசி என்று முதலில் நினைத்தேன். அதில் ஈ மொய்த்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலே யாரோ தண்ணீர் திறந்துவிட்டார்கள் போல. குழாய் ஒருதரம் இருமி, சோப்பு நுரையோடும் மற்றதோடும் ஓடையில் கொட்டியது. என் செருப்பு நனைந்திருந்தது. அதே தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தேன். தொழில் பழக்கம், அது கொட்டுவதையும் சேர்த்து இன்னும் ஒன்பது படம் எடுத்தேன்.

மேலே ஏறி வந்து கைகாலைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், அந்தக் கொழாய்...”

“ஆமா, அது ஒண்ணு இருக்குது,” என்றார், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிச் சொல்வது மாதிரி. “தொட்டி கட்டணும், அப்புறம் பாத்துக்கலாம். போட்டோல அது தெரியக் கூடாதுமா. நீங்கதான் கம்ப்யூட்டர்ல எடுத்துருவீங்களே.”

“எடுத்துரலாம் சார்,” என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில் அது. எந்தப் படத்தில் எதை எடுக்கச் சொன்னாலும் வாயில் தயாராக இருக்கும் பதில்.

மதியம் சாப்பாடு போட்டார்கள். சமையல் செய்கிற பெண் மலைக்காரர். நாற்பது வயது இருக்கலாம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் தம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, சத்தமில்லாமல் சொன்னார்.

“இது அந்தத் தண்ணி இல்லீங்க. மேல ஊத்துலருந்து கொண்டாந்தது. பயப்படாம சாப்புடுங்க.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “உங்க வூடு எங்க?”

“கீழ. ஓட ரெண்டு வளைவு தாண்டி. இருவது வூடு இருக்குது. முன்ன ஓடைலதான் மோந்துக்குவோம். இப்ப மேல ஏறிப் போறோம், போய்ட்டு வர்றதுக்கே பாதிக் காலம்பற போய்டுது. குளிச்ச புள்ளைங்களுக்கெல்லாம் ஒடம்புல புண்ணு.” ஜவுளிக்கடைக்காரர் வருகிற காலடி கேட்டதும் பேச்சை மாற்றினார். “என்னைய ஒரு போட்டோ எடுக்கறீங்களா? எம் பொண்ணு திருப்பத்தூர்ல ஆஸ்டல்ல படிக்குது. அதுக்கு அனுப்பணும்.”

எடுத்தேன். அடுப்புக்கு முன்னால் புடவையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். என் போன் நம்பரை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்து குழாயை எடுத்தேன். அதை எப்படி எடுத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். படத்தில் ஒரு பொருளை அழிப்பது என்றால் உண்மையில் அழிப்பதில்லை. பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அதன்மேல் பூசுவது. குழாய்க்கு மேலே பாறையைப் பூசினேன். பச்சை வழிசல்தான் சிரமப்படுத்தியது. கடைசியில் கரையில் இருந்த ஒரு பெரணிச் செடியை நகலெடுத்து அதன்மேல் வைத்தேன். ஒரு பெரணி போதவில்லை, அதே பெரணியைத் திருப்பிப்போட்டு இன்னொன்று. ஒரு காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். அவ்வளவு சுத்தமான ஓடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் வரி அதன்மேல் வெள்ளை எழுத்தில் வந்து உட்கார்ந்தது.

சைட் வெளியே போனதும் ஜவுளிக்கடைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நான் செய்த வேலைகளைக் காட்டுகிற என் சொந்த சைட்டிலும் அந்தப் படத்தைத்தான் முதலில் வைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் வைத்தேன், பெருமையோடுதான் வைத்தேன். ஓடையில் நின்ற செருப்பை மட்டும் அதற்கு முன்னாலேயே தூக்கிப் போட்டுவிட்டிருந்தேன். எவ்வளவு கழுவியும் போட முடியவில்லை.

சைட்டில் கருத்து எழுத ஒரு படிவம் வைத்திருந்தேன். அதில் எழுதுவது சைட்டில் தெரியும், அவருக்கும் போகும், சோதனைக்காக எனக்கும் ஒரு நகல் வரும்படி செய்திருந்தேன். பள்ளிக்கூட லீவு ஆரம்பித்ததும் ஒரு பெங்களூர்க்காரப் பெண் எழுதினார்: குழந்தைகள் ஓடையில் விளையாடினார்கள், இரண்டு நாளாக வாந்தி, தண்ணீரில் ஏன் அப்படி நாறுகிறது. ஜவுளிக்கடைக்காரர் உடனே போன் செய்தார்.

“அத எடுத்துருங்கமா.”

எடுத்துவிட்டேன். இன்னொருவர் எழுதினார். அதையும் எடுத்தேன். மூன்றாவதை அவர் சொல்வதற்கு முன்னாலேயே எடுத்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் சமையல்காரப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. அடுப்படியில் எடுத்த அவருடைய படத்தை அனுப்பியதோடு சரி, அதுவரை பேசியதே இல்லை.

“நாந்தாங்க, மலையிலருந்து. சோறு போட்டேனே.”

“தெரியுதுங்க. சொல்லுங்க.”

“எங்க ஊர்ல எழுதிப் போட்டிருந்தாங்க, கொழாயப் பத்தி. இன்னிக்கி ஆபீசர் ஒருத்தர் வந்தாரு. நல்ல மழை. ஓடைக்குள்ள எறங்க முடியல. மொதலாளி செல்லுல போட்டோ காட்டுனாரு. பாருங்க சார், கொழாயே இல்ல, ஒலகமே பாக்குற படம், பொய்யா போடுவாங்களான்னாரு. ஆபீசர் பாத்துட்டு, நீங்க சும்மா சண்டைக்கு எழுதறீங்கன்னு எங்களத் திட்டிட்டுப் போய்ட்டாரு.” நிறுத்தினார். “அது நீங்க எடுத்த போட்டோவாமே. நீங்க அன்னிக்கிப் பாத்தீங்களே. கொழாய் இருந்திச்சா, இல்லியா?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப போட்டோல எங்க போச்சி?”

“நாந்தான் எடுத்தேன்.”

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் பக்கத்தில் யாரிடமோ அதைத் திருப்பிச் சொன்னது கேட்டது.

“ஓ,” என்றார். “அப்டிச் செய்யலாமா.”

என்னைத் திட்டுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்படி ஒன்று செய்யமுடியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். என்னைப் பார்த்ததும் உள்ளே அழைத்து, ஸ்டூல் போட்டு, கூல்டிரிங்க் வரவழைத்தார். படத்தை மாற்றவேண்டும் என்றேன். அதை அதிகாரியிடம் காட்டியது சரியில்லை என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது.

“நீங்க படம் புடிச்சிக் குடுத்தீங்க. நல்லாப் புடிச்சீங்க. அத நான் எங்க காட்டுனா உங்களுக்கு இன்னா?” என்றார். குரலே உயரவில்லை. “ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. உங்க வூட்டுத் தண்ணி எங்க போவுது?”

வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடைக்குப் போகிறது. அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று நான் பார்த்ததில்லை.

“அதான்,” என்றார். “எல்லாரு வூட்டுதும் எங்கியோ போவுது.”

ஒரு வாய்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன். சைட்டின் பாஸ்வேர்டை ஏற்கெனவே அவர் பையன் வாங்கி மாற்றியிருந்தான். இல்லாவிட்டால் அன்றைக்கே உள்ளே போய்ப் படத்தை மாற்றியிருப்பேன். இப்போது யோசித்தால், மாற்றிவிட்டு அதோடு கை கழுவியும் இருப்பேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். மலையிலிருந்து ஐந்து பேர் ஜீப்பில் வருவதாகச் சமையல்காரப் பெண் சொன்னார். நான் குழாய் இருக்கிற படம், குழாயை எடுத்த படம் என்று இரண்டையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, காமிராவையும் எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் அவர்களோடு நின்றேன். யாரும் என்னோடு பேசவில்லை. ஒரு பெரியவர் இரண்டு படத்தையும் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பெரணி இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

எங்கள் மனுவை வாங்கியவர் மழையில் மலைக்கு வந்துபோன அதே அதிகாரிதான். படங்களைப் பார்த்தார்.

“இத மாத்துனது யாரு?”

“நாந்தான் சார்.”

“நீங்களே மாத்திட்டு நீங்களே வந்து சொல்றீங்களா?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்கு வந்து, கொழாய் இருக்கற படந்தான் நான் வரைஞ்சதுன்னு சொல்லமாட்டீங்கன்னு எப்படி நம்பறது?”

நியாயமான கேள்வி. காமிராவில் இருந்த அன்றைய ஓடைப் படங்களை வரிசையாகக் காட்டினேன். பன்னிரண்டு படம். எல்லாவற்றிலும் குழாய். ஒன்றில் அது கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் சுளித்தது. படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“நடந்தத எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

வெப்சைட்டுக்கு எழுதி எழுதிப் பழகின கை. ‘சிறு திருத்தம்’ என்றுதான் முதலில் வந்தது. அதை அடித்துவிட்டு, ‘கழிவுக்குழாய் ஓடையில் விழுவதை நேரில் பார்த்தேன். தெரிந்தே அதைப் படத்திலிருந்து எடுத்தேன்’ என்று எழுதினேன். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆனது.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் மறுபடியும் மலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அதற்கு முதல் நாளே காட்டேஜ்காரர்கள் குழாயைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். ஆனால் சுவரில் ஓட்டை இருந்தது, பாறையில் கறை இருந்தது. பாறையின் மேல் ஒட்டுவதற்கு யாரிடமும் பெரணி இல்லை. நோட்டீஸ் கொடுத்தார்கள். இரண்டு மாதம் காட்டேஜ்கள் மூடிக் கிடந்தன. பிறகு ஒரு தொட்டி வெட்டி, குழாயை அதில் விட்டதும் திறந்துகொண்டார்கள். தொட்டி நிறைந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சமையல்காரப் பெண்ணை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் இப்போது நூறுநாள் வேலைக்குப் போகிறார்.

ஜவுளிக்கடைக்காரர் வேறு ஆளை வைத்து சைட்டைப் புதுசாக்கினார். கலர், எழுத்து எல்லாம் மாறிவிட்டது. முதல் பக்கத்துப் படம் மட்டும் மாறவில்லை. என் இரண்டு பெரணிகளும் அங்கேயே இருக்கின்றன. வரியையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். என் சொந்த சைட்டிலிருந்து நான் அதை எடுத்துவிட்டேன். எடுத்தது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

இந்தத் தை மாதம் மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் படம் எடுக்கப் போனபோது சமையல்காரப் பெண்ணின் ஊருக்கு இறங்கினேன். ஓடையில் தண்ணீர் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் துணி துவைத்தார்கள். குடிக்க யாரும் மோந்துகொள்ளவில்லை. அவர் வேலையிலிருந்து திரும்பி வந்தவர், என்னைப் பார்த்து நின்றார்.

“இப்ப தண்ணி பரவால்லிங்களா?” என்று கேட்டேன்.

“நாத்தம் இல்ல. ஆனா வாயில வைக்க மனசு வரல.” மண்வெட்டியைக் கீழே வைத்தார். “நீங்க அன்னிக்கே, சோறு துன்னப்பவே, ஆபீசர்ட்ட சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். என் பக்கத்தில் இருந்த கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“மேல ஊத்துலருந்து வந்ததுதான்,” என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொம்பை வாயருகே கொண்டுபோனேன். நல்ல தண்ணீர்தான், தெளிவாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.